பார்மட் போடுவதற்கு முன்னால்: கம்ப்யூட்டர் சர்வீஸ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்களுக்கும், தோள்பையில் ஸ்க்ரூடிரைவரும் பென்டிரைவுமாக வீடு வீடாகப் போய்ப் பழுது பார்ப்பவர்களுக்கும் இந்த மடல்.

தமிழ்நாட்டில் வீட்டுக் கணினிகள் ஓடிக்கொண்டிருப்பது உங்களால்தான். கம்பெனி தரும் வாரண்டி ஓராண்டில், மிஞ்சினால் மூன்றாண்டில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அந்தப் பெட்டி ஏழெட்டு வருஷம் உழைக்கிறதென்றால் அது உங்கள் கைவேலை. அந்த மதிப்போடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. அதை மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை. “நெட் வரல” என்று வாடிக்கையாளர் சொல்லி வாய் மூடுவதற்குள், “விண்டோஸ் அடிவாங்கியிருக்கும், பார்மட் போட்டுடலாம்” என்ற பதில் வந்துவிடுகிறது. எல்லாக் கடையிலும் இப்படி இல்லை. பல கடைகளில் இப்படித்தான். நெட் வராத கணினிக்குப் பார்மட் என்பது பெரும்பாலும் தவறான வைத்தியம் என்பதும், காரணத்தைக் கண்டுபிடிக்க நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைந்த நேரமே ஆகும் என்பதும், காரணம் தெரியாமல் போடும் பார்மட்டால் அந்த வீட்டுக்கு வரும் நஷ்டம் பெரிது என்பதும் என் வாதம். உங்களிடம் இதற்கு மறுமொழிகள் இருக்கும். அவற்றில் சில நியாயமானவை. அவற்றையும் எடுத்துப் பேசுகிறேன்.

நெட் வரவில்லை என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. காய்ச்சல் என்பதுபோல அது ஓர் அறிகுறி. வெளியிலிருந்து வரும் ஃபைபர் கம்பி, அது வந்து சேரும் பெட்டி, அதன் அடாப்டர், ரூட்டர், ரூட்டரில் பதிந்திருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், அங்கிருந்து கணினிவரை லேன் கேபிள் அல்லது வைஃபை, கணினிக்குள் நெட்வொர்க் கார்டு, அதன் டிரைவர், விண்டோஸ் அமைப்புகள், கடைசியாகப் பிரவுசர். இவ்வளவும் ஒன்றன் கையை ஒன்று பிடித்து நிற்கின்றன. எந்த ஒரு கை விட்டாலும் திரையில் தெரிவது ஒரே செய்திதான். இந்த வரிசையில் பார்மட் தொடக்கூடியவை கடைசி மூன்றும்தான். ரூட்டர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வீடு வந்து சேரவில்லை என்று பொருள். ஃபைபர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது பீரோவை நகர்த்தும்போது சுவரோரம் மடங்கியிருக்கும். கண்ணாடி இழை கூர்மையாக மடங்கினால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். வழக்கமான வீட்டு ஃபைபர் பெட்டிக்குச் சுமார் மைனஸ் 27 டிபிஎம் வரைக்கும் ஒளி வந்தால் போதும். அதற்கும் கீழே போனால் பெட்டிக்குக் கண் தெரியாது. விண்டோஸை எத்தனை முறை புதிதாக ஏற்றினாலும் அந்த மடங்கிய கம்பி நிமிராது.

ஆகவே முதல் வேலை, வரிசையை வெட்டிப் பார்ப்பது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டியதில்லை. நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் பாதி வரிசை சந்தேகத்திலிருந்து கழன்றுவிடும். இதற்குத் தேவையான கருவி வாடிக்கையாளரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அவருடைய போனை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். டேட்டாவை அணைப்பது முக்கியம். அணைக்காவிட்டால் வைஃபை செத்துக் கிடந்தாலும் போன் சிம் வழியாகப் பக்கத்தைக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். பக்கம் திறந்தால் தெருவிலிருந்து ரூட்டர் வரைக்கும் எல்லாம் சரி. அடுத்து டேட்டாவைப் போட்டு, அதே போனில் ஹாட்ஸ்பாட் வைத்து, கணினியை அதில் இணையுங்கள். நெட் வந்தால் விண்டோஸ், டிரைவர், பிரவுசர் எல்லாம் நலம். கோளாறு வீட்டு இணைப்பிலோ, ரூட்டரிலிருந்து கணினிவரை வரும் வழியிலோ. வைஃபையே பிடிக்காத டெஸ்க்டாப் என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடலாம். நெட்வொர்க் கார்டைச் சுற்றிக்கொண்டு போகும் வழி அது. யூஎஸ்பியில் நெட் வந்து கேபிளிலும் வைஃபையிலும் வராவிட்டால் கார்டையோ அதன் டிரைவரையோ பார்க்க வேண்டும். இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆகுமா? ஹாட்ஸ்பாட்டில் நெட் வந்த கணினிக்கு பார்மட் போட எந்தக் காரணமும் மிச்சமில்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இப்படி வெட்டிப் பார்ப்பதற்கென்றே பிறந்த ஒரு சிறு நிரல் எல்லா விண்டோஸிலும் இருக்கிறது. பிங் என்ற அந்த நிரலை அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். அவர் எதிர்கொண்டதும் உங்கள் வாடிக்கையாளரின் புகார்தான்: நெட்வொர்க் சரியாக வேலை செய்யவில்லை, எங்கே என்று தெரியவில்லை. நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலியை மனத்தில் வைத்துப் பெயர் வைத்தார். எழுதி முடித்து முதல் பிங்கை அனுப்புவதற்குள் அந்தக் கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது என்று அவரே பின்னால் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் கருவி நின்றுவிட்டது, நாற்பது ஆண்டு கடந்தும். 127.0.0.1 என்ற எண்ணுக்கு பிங் கொடுத்தால் கணினி தன்னிடமே பேசிக்கொள்கிறது. பதில் வந்தால் விண்டோஸின் நெட்வொர்க் பகுதி உயிரோடு இருக்கிறது. அடுத்து ரூட்டரின் எண், பல வீடுகளில் 192.168.1.1. அங்கிருந்து பதில் வந்தால் கேபிளும் கார்டும் சரி. அடுத்து 8.8.8.8, வெளியுலகம். அதற்கும் பதில் வந்தால் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பிவிட்டது என்று பொருள். கடைசியாக ஒரு வலைதளத்தின் பெயர். பதில் எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் கை வைக்க வேண்டும். பிங்குக்குப் பதில் தராமல் இருக்கும்படி அமைக்கப்பட்ட சர்வர்களும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மௌனம் என்றால் சாவு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

பிங்குக்கும் முன்னால் கணினி தன் எண்ணாக என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் அந்த எண்ணே ஒரு வாக்குமூலம். இயந்திரம் விழித்ததும் “எனக்கு ஒரு முகவரி கொடு” என்று ரூட்டரிடம் கூவுகிறது. யாரும் பதில் சொல்லாவிட்டால், கொஞ்ச நேரம் காத்திருந்து, தானே ஒரு முகவரியை வைத்துக்கொள்கிறது. அப்படித் தானே வைத்துக்கொள்ளும் முகவரிகளுக்காக ஒதுக்கப்பட்ட தொகுதிதான் 169.254. ஆகவே அந்த எண்ணைக் கண்டால் கணினி கேட்டது, ரூட்டர் தரவில்லை, அல்லது கேட்டது போய்ச் சேரவில்லை. லேன் கேபிளின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து பாதி வெளியே வந்திருக்கலாம். எலி கடித்திருக்கலாம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அவற்றில் இரண்டு ஜோடி போதும் என்பதால், சில கம்பிகள் அறுந்த கேபிள்கூட வேகம் குறைந்து ஓடிக்கொண்டிருந்து, ஒரு நாள் மொத்தமாக நிற்கும். இதே இடத்தில் இன்னொன்றும் நடக்கும். அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்த கணினியில் அங்கே கையால் போட்ட பழைய ஐபி எண் அப்படியே இருக்கும். ரூட்டர் ஒரு தெருவில், கணினி வேறொரு தெருவில் நின்றுகொண்டு ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. “தானாகப் பெறு” என்ற பொத்தானைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

8.8.8.8-க்குப் பதில் வந்து, பெயர் சொன்னால் மட்டும் திறக்கவில்லையென்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். வலைதளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் இந்த ஏற்பாட்டை பால் மொக்காபெட்ரிஸ் 1983-இல் வகுத்தார். அதுவரை நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, ஒவ்வொருவரும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கோப்பின் மிச்சம் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இன்றும் ஒவ்வொரு விண்டோஸிலும் கிடக்கிறது. வைரஸ்கள் அதில் பொய் முகவரிகளை எழுதிவிட்டுப் போவதும் உண்டு. டிஎன்எஸ் கெட்டால் எவ்வளவு பெரிய இடமும் இல்லாமல் போகும் என்பதற்கு 2021 அக்டோபர் 4 சாட்சி. நம் நேரப்படி இரவு 9 மணிக்குப் பிறகு ஃபேஸ்புக்கும் வாட்ஸாப்பும் இன்ஸ்டாகிராமும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோயின. மூன்றையும் நடத்தும் நிறுவனத்தின் உள்வேலையில் நேர்ந்த பிழையால், அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழிகளே இணைய வரைபடத்திலிருந்து அழிந்திருந்தன. வாட்ஸாப் ஓடவில்லை என்றால் நெட் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடம் ஏராளம். அந்த வீடுகளில் அன்றிரவு ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது. “எந்தப் பக்கம் திறக்கவில்லை, எல்லாமுமா, ஒன்று மட்டுமா?” என்ற ஒரு கேள்வி இதைப் பிரித்துக் காட்டிவிடும். கேட்க ஒரு வினாடிகூட ஆகாத அந்தக் கேள்வியைக் கேட்காமலே கணினியைக் கடைக்கு எடுத்துப்போகிறோம்.

டாஸ்க்பாரில் தெரியும் மஞ்சள் முக்கோணத்தையோ பூமி உருண்டையையோ மட்டும் நம்பிவிடவும் கூடாது. விண்டோஸ் தனக்குச் சொந்தமான ஒரு சர்வரிலிருந்து சில சொற்கள் கொண்ட ஒரு குட்டிக் கோப்பை வாங்கிப் பார்க்கிறது. வந்தால் நெட் உண்டு, வராவிட்டால் இல்லை என்று சொல்கிறது. விபிஎன்னோ ஆன்டிவைரஸோ அந்த ஒரு கோப்பைத் தடுத்தால், நெட் நன்றாக ஓடும்போதே இல்லை என்று காட்டும்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் நாணய பேட்டரியைப் பற்றித்தான். சிஆர்2032 என்று அதன் முதுகில் பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மூன்று வோல்ட். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதன் வேலை. ஐந்தாறு வருஷமான டெஸ்க்டாப்பில் அது தீர்ந்திருக்கும். நம் வீடுகளில் இரவு பிளக் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். காலையில் போட்டால் கணினிக்குத் தேதி 2009 ஆகவோ 2012 ஆகவோ இருக்கும். பிரவுசரைத் திறந்தால் எந்தத் தளமும் வராது. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்றோ கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்றோ ஒரு வெள்ளைப் பக்கம் வரும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் உண்டு. கணினி 2009-இல் நின்றால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே பிரவுசர் மறுக்கிறது. வாடிக்கையாளர் இதைத்தான் “நெட் வரல” என்கிறார். இப்போது பார்மட் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். புது விண்டோஸ் ஏற்றும்போது யாராவது தேதியைச் சரிசெய்வார்கள். நெட் வரும். பார்மட்டால் வந்தது என்று எல்லோரும் நம்புவார்கள். வீட்டுக்குப் போய், ராத்திரி சுவிட்சை அணைத்து, காலையில் போட்டால் மறுபடியும் பழைய கதை. பலசரக்குக் கடையில்கூடக் கிடைக்கும் ஒரு பேட்டரிக்காக ஒரு குடும்பத்தின் கோப்புகள் எல்லாம் துடைக்கப்பட்டிருக்கும்.

இங்கேதான் உங்களுடைய முதல் மறுமொழி வருகிறது: “பார்மட் போட்டா சரியாகுதே சார், கண்ணால பார்க்கிறோமே.” உண்மைதான், பல நேரம் சரியாகிறது. ஆனால் எதனால் என்று பாருங்கள். ஏதோ ஒரு மென்பொருளோ வைரஸோ பிராக்ஸி அமைப்பில் 127.0.0.1 என்று எழுதிவிட்டுப் போயிருக்கும். அந்த மென்பொருளை நீக்கிய பிறகும் பிரவுசர் இல்லாத ஆளிடமே வழி கேட்டுக்கொண்டிருக்கும். பார்மட் அந்த ஒரு வரியை அழிக்கிறது. ஆன்டிவைரஸைப் பாதியில் நீக்கியதால் வின்சாக் என்ற அடுக்கு குழம்பியிருக்கும். பார்மட் அதைப் புதுப்பிக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சிகிச்சை உண்டு. பிராக்ஸிப் பொத்தானை அணைப்பது ஒரு சொடுக்கு. வின்சாக்கை மீட்பது ஒரு வரிக் கட்டளை, ஒரு ரீஸ்டார்ட். விண்டோஸ் 10-இல் 2016 முதல் நெட்வொர்க் ரீசெட் என்று ஒரு பொத்தானே இருக்கிறது. நெட்வொர்க் சம்பந்தமான அனைத்தையும் பிடுங்கி மறுபடி நடுகிறது, கோப்புகளைத் தொடுவதில்லை. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போகும், விபிஎன் மென்பொருளை மறுபடி போட வேண்டி வரலாம், அவ்வளவுதான். பார்மட்டால் விண்டோஸ் பக்கம் கிடைக்கக்கூடிய நன்மையில் பெரும்பகுதி இந்த ஒரு பொத்தானில் கிடைக்கிறது. அதை அழுத்திப் பார்க்காமல் பார்மட்டுக்குத் தாவுவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

இரண்டாவது மறுமொழி, “பேக்கப் எடுத்துட்டுத்தான் போடுறோம்.” எடுக்கிறீர்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள். ஆனால் ஒரு மனிதரின் கணினி அந்த நான்கு ஃபோல்டரோடு முடிவதில்லை. டாலிக் கணக்கு வேறொரு மூலையில் இருக்கும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் மறைந்த ஃபோல்டரில் இருக்கும். அவுட்லுக் மெயில் இன்னொரு இடத்தில். தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு கொடுமை உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன்பு பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆயிரக்கணக்கான கோப்புகள் இன்னும் டிடிபி கடைகளிலும், எழுத்தாளர்கள் வீட்டிலும், சங்க அலுவலகங்களிலும் இருக்கின்றன. அந்தக் கோப்புக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் உண்டு. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் முகத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு விண்டோஸ் ஃபோல்டரில் இருப்பதால் பேக்கப்பில் வராது. பார்மட்டுக்குப் பிறகு கோப்பைத் திறந்தால், ஒரு பெரியவர் பத்து வருஷம் எழுதிய ஊர் வரலாறு அர்த்தமில்லாத குறிகளாக நிற்கும். எந்த எழுத்துருவில் அடித்தார் என்பது அவருக்கே நினைவிருக்காது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடவும் கூடும்.

“போனா ரெக்கவரி பண்ணிக்கலாம்” என்ற பழைய தைரியமும் இனி செல்லாது. ஹார்டு டிஸ்க் காலத்தில் குயிக் பார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பதுபோல. பக்கங்கள் உள்ளே இருக்கும், மேலே வேறு எழுதாதவரை மீட்கலாம். எஸ்எஸ்டி அப்படியல்ல. பார்மட் போட்டதும் விண்டோஸ் ட்ரிம் என்ற கட்டளையை அனுப்புகிறது. இந்த இடங்கள் இனித் தேவையில்லை என்று கேட்டுக்கொண்ட டிரைவ் அவற்றைத் தானே துடைக்கத் தொடங்கிவிடும். பிறகு எந்த ரெக்கவரி மென்பொருளாலும் அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது. இன்றைய மடிக்கணினிகள் எஸ்எஸ்டியோடுதான் வருகின்றன. ஆகவே பத்து வருஷத்துக்கு முன்னால் நீங்கள் தெரியாமல் செய்த தவறுக்கு இருந்த மன்னிப்பு இன்றைக்கு இல்லை.

பார்மட் சில நேரம் இல்லாத நோயையும் கொண்டுவந்துவிடுகிறது. மடிக்கணினியோடு வந்த விண்டோஸில் அந்த வைஃபை கார்டுக்கான டிரைவர் இருந்தது. நீங்கள் பென்டிரைவில் வைத்திருக்கும் விண்டோஸில் இல்லை. ஏற்றி முடித்ததும் வைஃபையே காணோம்; டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். ரூட்டரின் முதுகிலிருக்கும் சிறு துளையில் ஊசி விடுவதும் இதே இனம். அது ரூட்டருக்குப் போடும் பார்மட். நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போய்விட்டால், அதுவரை வைஃபை மட்டும் மெதுவாக இருந்த வீட்டில் இப்போது எதுவுமே வராது, லைன்மேன் வந்து மறுபடி போட்டுத் தரும் வரைக்கும். ரூட்டரை அணைத்து அரை நிமிஷம் விட்டுப் போடுவது வேறு, ஊசி விடுவது வேறு. போனில் வழி சொல்லும்போது இரண்டையும் “ரீசெட்” என்ற ஒரே சொல்லால் சொல்லாதீர்கள்.

மூன்றாவது மறுமொழிதான் கனமானது. “காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொன்னா யார் சார் காசு தர்றாங்க? பிராக்ஸியை ஆஃப் பண்ணிக் கொடுத்தா, ‘ஒரு கிளிக்குக்கா இவ்வளவு?’னு கேக்குறாங்க. பார்மட் போட்டேன்னா பேசாம கொடுக்குறாங்க.” இதில் உங்கள்மேல் பழி இல்லை. பார்க்கத் தெரிவதற்குக் கூலி தராமல், கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு மட்டும் கூலி தரும் வாடிக்கையாளர்கள்தான் உங்களைப் பார்மட்டின் பக்கம் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் இந்தப் பழக்கத்தை மாற்ற வழி ஏற்கெனவே இருக்கிறது. டாக்டர் நாடி பார்ப்பதற்கு ஃபீஸ் வாங்குகிறார். மாத்திரை எழுதாவிட்டாலும் வாங்குகிறார். டிவி மெக்கானிக் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு ஒரு தொகை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். நீங்களும் வாசலிலேயே சொல்லுங்கள்: பார்க்க இவ்வளவு, காரணம் என்ன என்று எழுதித் தருவேன், மேற்கொண்டு வேலை இருந்தால் அதற்குத் தனி. இன்னொரு கணக்கும் இருக்கிறது. காரணம் தெரியாமல் போட்ட பார்மட் ஒரு வாரத்தில் திரும்பி வரும். “போன வாரம்தானே காசு கொடுத்தேன்” என்பார். அந்த இரண்டாம் முறைக்கு நீங்கள் காசு கேட்க முடியாது. பிரிண்டர் போடவில்லை, தமிழ் வரவில்லை, டாலி திறக்கவில்லை என்று வரும் போன்களுக்கும் காசு இல்லை. பார்மட் ஒரு மணி நேர வேலை என்பது இவற்றைச் சேர்க்காத கணக்கு.

பார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்திருந்தால், அல்லது சிஸ்டம் ஃபைல்கள் சிதைந்து பழுதுபார்க்கும் கட்டளைகளுக்கும் மசியாவிட்டால், துடைத்துப் போடுவதுதான் சரி. இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடும் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் ஆதரவை நிறுத்திவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து புது குரோமும் அதில் வருவதில்லை. பல தளங்கள் திறக்காததற்கு அந்தப் பழமையே காரணமாக இருக்கலாம். அப்போது புது விண்டோஸ் நியாயமான சிகிச்சை. இந்த எல்லா இடத்திலும் காரணம் முன்னால் வருகிறது, பார்மட் பின்னால் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

விண்டோஸ்தான் குற்றவாளியா என்று சந்தேகம் வந்தால் அதையும் துடைக்காமலே சோதிக்கலாம். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை பென்டிரைவிலிருந்து நேரடியாக, டிஸ்க்கைத் தொடாமல், ஓட விடலாம். அதில் நெட் வந்தால் கார்டும் கேபிளும் ரூட்டரும் சரி, கோளாறு விண்டோஸில். அதிலும் வராவிட்டால் பார்மட்டால் பயன் இருக்காது என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. இந்தச் சோதனைக்கான இரண்டாவது கண் அந்த இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. முதல் பார்மட்டில் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம். அந்தக் கணினிகளில் சில இன்னும் பழுதுக்கு வந்துகொண்டிருக்கின்றன. லினக்ஸ் மிச்சமிருக்கும் ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால் தயவுசெய்து அதைக் காப்பாற்றுங்கள்.

கடைசியாக உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. உங்கள் பில் புத்தகத்தில் “காரணம்” என்று ஒரு வரியைச் சேர்த்து அச்சடியுங்கள். நெட் வரவில்லை என்று வரும் ஒவ்வொரு கணினிக்கும் அந்த வரியில் நான்கைந்து சொற்கள் எழுதுங்கள்: கேபிள் நுனி உடைந்தது, பிராக்ஸி மாறியிருந்தது, பேட்டரி தீர்ந்தது, லைன் கட். அதை எழுத முடியாத அன்று, பென்டிரைவைச் செருகுவதற்கு முன்னால், வாடிக்கையாளரின் போனை வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டுப் பாருங்கள்.